குவிமாடம் கட்டிய பொற்கொல்லர்



ஆண்டு மலருக்குக் கவிதை கொடுத்தவர்கள் இந்த வருஷமும் நிறையப் பேர். நட்பு, காதல், பஸ் ஸ்டாப், கடைசி பெஞ்ச் எல்லாம் வேறு பக்கங்களில் கட்டாயம் இருக்கும். எனக்குக் கவிதை வராது. அதனால் ஒரு மனிதரின் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அறுநூறு வருஷத்துக்கு முந்தைய மனிதர், இத்தாலிக்காரர். கட்டடக் கலையை எந்தக் குருவிடமும் உட்கார்ந்து படிக்காதவர். ஆனால் இவர் எங்க ஆளு என்று சிவில் பசங்களும் மெக்கானிக்கல் பசங்களும் சண்டை போட்டுக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வேலைக்காரர். பெயர் பிலிப்போ புரூனெல்லெஸ்கி. வாயில் நுழையக் கொஞ்சம் கஷ்டம்தான். நாலு தடவை சொல்லிப் பார்த்தால் பழகிவிடும்.

பிலிப்போ 1377-ல் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். அப்பா பத்திரம் எழுதும் நோட்டரி. அரசாங்க வேலைகளுக்காக வெளியூர் போய் வருகிறவர், ஊரில் மரியாதை உள்ளவர். மகனும் தன் வழியில் வரவேண்டும் என்று நினைத்து லத்தீனும் கணக்கும் படிக்க வைத்தார். பையனுக்கோ கை சும்மா இருக்காது. வரைவது, செதுக்குவது, சக்கரங்களைக் கோத்து எதையாவது சுற்ற வைப்பது, இதுதான் பொழுது. அப்பா அதிகம் முரண்டு பிடிக்கவில்லை, பொற்கொல்லர் பட்டறையில் சேர்த்துவிட்டார். அந்தக் காலத்துப் பொற்கொல்லர் பட்டறையை நகைக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். உலோகம் உருக்குவது, அச்சு வார்ப்பது, கல் பதிப்பது, சிற்பம், கடிகார வேலை எல்லாம் அங்கே நடக்கும். சொல்லப்போனால் அதுதான் அவருடைய பாலிடெக்னிக். 1398-ல் பட்டு வியாபாரிகளின் சங்கத்தில் உறுப்பினராகப் பதிந்துகொண்டார். பொற்கொல்லர்களும் அந்தச் சங்கத்தில்தான் அடக்கம். ஆள் குள்ளம், முகலட்சணமும் குறைவு, வாய் மட்டும் சாணை பிடித்த உளி என்று அவர் வரலாற்றை எழுதிய பழைய ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பிளாரன்ஸைப் பற்றியும் இரண்டு வரி. அது ராஜா இல்லாத ஊர். கம்பளி நெசவும் வட்டிக்கடையும் (பாங்க் என்று மரியாதையாகச் சொல்லலாம்) செய்து பணம் சேர்த்த வியாபாரிகள் தாங்களே ஆண்டுகொண்ட நகரம். 1348-ல் வந்த கொள்ளைநோயில் ஊரில் பாதிப்பேர் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் பக்கத்து நகரங்களைப் பார்த்துப் போட்டி போட்டுக்கொண்டு தேவாலயமும் சிலையும் செய்தார்கள். எந்த வேலையானாலும் டெண்டர் மாதிரி போட்டி வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் மாதிரி செய்து கொண்டுவரலாம்.

1401-ல் அப்படி ஒரு போட்டி. ஊரின் ஞானஸ்நான மண்டபத்துக்கு வெண்கலக் கதவு செய்யவேண்டும். ஏழு பேர் இறுதிக்கு வந்தார்கள். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சியை ஒரு தகட்டில் செய்து காட்டவேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. நடுவர்கள் 34 பேர். கடைசியில் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் நம்ம பிலிப்போ. இன்னொருவர் அவரைவிட ஒரு வயது இளையவரான லொரென்சோ கிபெர்ட்டி. இரண்டு தகடுகளும் இன்றும் பிளாரன்ஸில் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பிலிப்போவின் தகட்டில் ஆவேசம் அதிகம். அப்பா மகனின் கழுத்தைப் பிடித்துத் திருகுகிறார், தேவதை பாய்ந்து வந்து அவர் கையைப் பிடிக்கிறது. கிபெர்ட்டியின் தகட்டில் அழகு அதிகம், வார்ப்பும் சுத்தம். பெரும்பகுதியை ஒரே வார்ப்பாக எடுத்திருந்தார். எடையிலும் சுமார் ஏழு கிலோ குறைவு. கதவு முழுக்க இத்தனை தகடு வேண்டுமென்றால் மிச்சமாகும் வெண்கலம் எவ்வளவு என்று வியாபாரிகள் கணக்குப் போடாமலா இருந்திருப்பார்கள்?

வேலை கிபெர்ட்டிக்குப் போனது. தன்னை எல்லோரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கிபெர்ட்டி எழுதி வைத்திருக்கிறார். பிலிப்போவின் வரலாற்றை எழுதிய மனெட்டியோ, இரண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கள் என்று நடுவர்கள் சொன்னதாகவும், தனியாகக் கொடுத்தால் செய்கிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்று பிலிப்போ எழுந்து வந்துவிட்டதாகவும் சொல்கிறார். எது நிஜமோ, அதற்குப் பிறகு பிலிப்போ வெண்கலச் சிற்பத்தின் பக்கம் அதிகம் போகவில்லை என்பது தெரிந்த விஷயம்.

தோற்றவர் என்ன செய்தார்? ரோமுக்குப் போனார். கூடவே டொனடெல்லோ. பிற்காலத்தில் பெரிய சிற்பியாகப் பெயர் வாங்கப்போகிற இளைஞர். ரோம் அப்போது பாழடைந்த ஊர். பழைய சாம்ராஜ்யத்துக் கட்டடங்களுக்கு நடுவே ஆடு மேயும். இவர்கள் இரண்டு பேரும் கூலிக்கு ஆள் வைத்து மண்ணைத் தோண்டி, அஸ்திவாரத்தைப் பார்த்து, தூண்களை அளந்து, தோல் காகிதத்தில் குறித்துக்கொண்டே திரிந்தார்கள். புதையல் தேடுகிற கிறுக்கர்கள் என்று ஊர்க்காரர்கள் நினைத்தார்களாம். கையில் காசு குறைந்தால் பொற்கொல்லர் வேலை செய்து சம்பாதித்துக்கொள்வார். அங்கே பாந்தியன் என்ற கோயில். சுமார் 43 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குவிமாடம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. நடுவில் தூண் கிடையாது. பிலிப்போ எத்தனை நாள் அதன் கீழே அண்ணாந்து நின்றிருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இஞ்சினியரிங் டிராயிங் வகுப்பில் பெர்ஸ்பெக்டிவ் போடும்போது வானிஷிங் பாயிண்டைத் திட்டாதவர் நம்மில் யார்? அந்தத் திட்டெல்லாம் போய்ச் சேரவேண்டிய ஆள் இவர்தான். ஞானஸ்நான மண்டபத்தை ஒரு சிறு பலகையில் கணக்குப்படி வரைந்தார். வானம் வரவேண்டிய இடத்தில் வண்ணம் பூசாமல், மெருகேற்றிய வெள்ளியைப் பதித்தார். பலகையில் ஒரு சின்ன ஓட்டை போட்டார். பார்க்கிறவர் பலகையின் பின்பக்கம் ஓட்டையில் கண்ணை வைத்து, எதிரே ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, அதில் தெரியும் படத்தைப் பார்க்கவேண்டும். கண்ணாடியை எடுத்தால் நிஜ மண்டபம், வைத்தால் படம். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். வெள்ளியில் நிஜ மேகம் நகரும்! அந்தப் பலகை தொலைந்துவிட்டது. ஆனால் மசாச்சோ 1427 வாக்கில் ஒரு தேவாலயச் சுவரில் வரைந்த திரித்துவ ஓவியத்தைப் பார்த்தால் சுவரைக் குடைந்து உள்ளே ஓர் அறை இருப்பது போலவே தோன்றும். இந்தக் கணக்கை ஆல்பர்ட்டி என்ற அறிஞர் 1435-ல் புத்தகமாக எழுதினார். அதன் இத்தாலிய வடிவத்தைப் பிலிப்போவுக்கே சமர்ப்பித்தார்.

மனிதர் விளையாட்டிலும் பொல்லாதவர். 1409 வாக்கில் ஒரு தச்சர் இவர்கள் கூட்டத்தின் சாப்பாட்டுக்கு வராமல் போய்விட்டார். அதற்குத் தண்டனையாக, அந்தத் தச்சரை அவர் அவரே இல்லை, மத்தேயோ என்கிற வேறொரு ஆள் என்று ஊர் பூராவும் சொல்லி நம்ப வைத்தார் பிலிப்போ. பொய் வழக்கில் பிடித்து உள்ளே வைத்தார்கள், மத்தேயோவின் அண்ணன் தம்பிகளே வந்து தம்பி என்று கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பாவம், தச்சர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். விஷயம் வெளியானதும் அவமானம் தாங்காமல் ஹங்கேரிக்குப் போய்விட்டார். போன இடத்தில் நன்றாகச் சம்பாதித்தார் என்பது வேறு விஷயம். இன்றைக்கு இதைச் செய்திருந்தால் ராகிங் தடைச் சட்டத்தில் நம்ம ஹீரோ உள்ளே போயிருப்பார்.

இனி முக்கியக் கதைக்கு வருகிறேன்.

பிளாரன்ஸின் பேராலயத்துக்கு 1296-ல் அஸ்திவாரம் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கட்டினார்கள். 1367-ல் அதன் நடுவே எண்கோண வடிவத்தில் பிரம்மாண்டமான குவிமாடம் வரவேண்டும் என்று ஒரு மாதிரியை முடிவு செய்து, அதை மாற்றுவதில்லை என்று பொறுப்பாளர்கள் சத்தியமும் செய்தார்கள். வெளியிலிருந்து தாங்கும் முட்டுச்சுவர்கள் கூடாது, அது வடநாட்டுப் பாணி என்றும் தீர்மானம். சரி, இதை எப்படிக் கட்டுவது? அது யாருக்கும் தெரியாது! கடவுள் வழி காட்டுவார் என்று சுவரை எழுப்பிக்கொண்டே போனார்கள். 1418-ல் கட்டடம் முடிந்து, நடுவில் சுமார் 44 மீட்டர் அகலத்துக்கு வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றது. வாயின் விளிம்பு தரையிலிருந்து 50 மீட்டருக்கும் மேல்.

சிக்கல் என்ன என்று சிவில் அல்லாத நண்பர்களுக்குச் சொல்லவேண்டும். எங்க அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறவர். ஸ்லாப்போ, வளைவோ, அது இறுகித் தானே நிற்கிற வரைக்கும் கீழே பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்கிப் பிடிக்கிற வேலை. வீடு முடிந்து பால் காய்ச்சும்போது சென்ட்ரிங் ஞாபகம் யாருக்கும் இருக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் தலைக்கு மேல் எதுவும் நிற்காது. வளைவு கட்டும்போது கடைசிக் கல்லை உச்சியில் வைக்கிற வரைக்கும் அத்தனை கல்லும் விழத்தான் பார்க்கும். நம்ம பக்கத்து மூன்று மாடிக் கட்டடத்துக்கே எத்தனை லாரி சவுக்குக் கம்பு இறங்குகிறது! பதினேழு மாடி உயரத்தில், 44 மீட்டர் அகலத்துக்குச் சென்ட்ரிங் என்றால் அவ்வளவு மரத்துக்கு எங்கே போவது? மரம் கிடைத்தாலும் அதன் எடையை அதுவே தாங்குமா?

1418 ஆகஸ்டில் போட்டி அறிவித்தார்கள், பரிசு 200 புளோரின் பொற்காசு. பலவிதமான யோசனைகள் வந்தன. தேவாலயத்தை மண்ணால் நிரப்பி அதன்மேல் குவிமாடத்தைக் கட்டலாம், மண்ணோடு காசுகளைக் கலந்துவிட்டால் பிறகு ஜனங்களே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒருவர் சொன்னதாக வசாரி எழுதியிருக்கிறார். பிலிப்போ வந்து சென்ட்ரிங்கே வேண்டாம் என்றார். எப்படி என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்றார். சபையில் கத்திப் பேசியதால் காவலாளிகள் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே போட்டார்கள். வீதியில் போனால் பைத்தியம் போகிறது என்று கைகாட்டுவார்களோ என அவருக்கே கூச்சம் வந்துவிட்டதாம். முட்டையை நிறுத்திக் காட்டிய கதை தெரியும்தானே? கொலம்பஸ் செய்ததாகப் படித்திருப்போம். அதற்கு முன்னாலேயே வசாரி அதைப் பிலிப்போவைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

அவர் வாயை மட்டும் நம்பி வேலையைக் கொடுக்கவில்லை. டொனடெல்லோவையும் இன்னொரு சிற்பியையும் சேர்த்துக்கொண்டு, சென்ட்ரிங் இல்லாமலே செங்கல்லால் பெரிய மாதிரி ஒன்றைக் கட்டிக் காட்டினார். 1420-ல் வேலை கிடைத்தது. ஆனால் தனியாக அல்ல! சமமான பொறுப்பில், சமமான சம்பளத்தில் அதே கிபெர்ட்டியையும் நியமித்தார்கள். மேற்பார்வைக்கு ஒரு தலைமைக் கொத்தனார். பிலிப்போவுக்கு எப்படி இருந்திருக்கும்? 1420 ஆகஸ்ட் 7-ம் தேதி காலை, மேலே ரொட்டியும் ஒயினும் முலாம்பழமும் கொடுத்து வேலை துவங்கியது.

அந்த வருஷம் எழுதிய வேலைத் திட்டம் இன்றும் இருக்கிறது. எத்தனை விலா, எவ்வளவு கனம், சங்கிலி எங்கே என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் அந்த ஆவணம், ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எப்படி என்ற இடத்தில், கட்டிக்கொண்டு போகும்போது கிடைக்கும் அனுபவத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்று நிறுத்திக்கொள்கிறது. பிராக்டிகலுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் எங்கும் பார்த்ததில்லை.

எப்படிக் கட்டினார்? ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள். உள் ஓடு அடியில் இரண்டு மீட்டருக்கும் மேல் கனம், வெளி ஓடு மெல்லியது. நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் இன்றும் 463 படி ஏறி உச்சிக்குப் போகிறார்கள். வெளியே தெரியும் எட்டு விலாக்கள், உள்ளே மறைந்து கிடப்பவை பதினாறு. மாடம் அடியில் வெளிப்பக்கம் பிளந்து விரியப் பார்க்கும் அல்லவா, நாம் ஹூப் டென்ஷன் என்று படிக்கிறோமே, அதைப் பிடித்து நிறுத்த, பீப்பாய்க்கு இரும்பு வளையம் போடுவது மாதிரி கற்பாளங்களை இரும்புப் பட்டைகளால் கோத்து நாலு சங்கிலி, மரத்தில் ஒன்று. வளைவு அரைவட்டமும் இல்லை. விட்டத்தை ஐந்து பாகமாக்கி, நாலு பாக ஆரத்தில் வரைந்த கூர்மையான வில். அதனால் பக்கவாட்டுத் தள்ளுதல் குறைவு.

எல்லாம் சரி, ஈரக்கலவையில் வைத்த செங்கல் சரிவில் வழுக்காமல் எது தடுத்தது? இங்கேதான் பொற்கொல்லரின் கைவேலை. படுக்கை வரிசையில் சில செங்கற்களுக்கு ஒரு முறை ஒரு செங்கல்லைக் குத்தாக நிறுத்தினார். அடுத்த வரிசையில் அதைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். இப்படியே மீன்முள் மாதிரி குத்துக் கற்களின் வரிசை மாடத்தைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. குத்துக் கல் இரண்டுக்கு நடுவே மாட்டிக்கொண்ட செங்கற்கள் வழுக்கப் பார்த்தால் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றுவிடும். ஒரு சுற்று முடிந்துவிட்டால் அது தானே நிற்கும் வளையம். கலவை இறுகுகிற வரைக்கும் பொறுத்து அடுத்த சுற்று. அதாவது கட்டடமே தனக்குச் சென்ட்ரிங். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் இத்தாலியின் பெர்கமோ பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த அமைப்பின் விசைகளைக் கணினியில் கணக்கிட்டிருக்கிறார்கள். பிளாரன்ஸில் ஒரு பூங்காவில் பேராசிரியர் ஒருவர் 1989 முதல் செங்கல்லால் சிறிய அளவில் அதே மாடத்தைக் கட்டி ரகசியத்தைத் தேடினார். இவ்வளவு பாடு எதற்கு? பிலிப்போ ஒரு வரைபடம்கூட விட்டுவைக்கவில்லை. யோசனையை யாராவது திருடிவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் மறைத்தே வைத்தார். கொத்தனார்களுக்கு விளக்க மெழுகிலும் மரத்திலும், சில சமயம் கையில் கிடைத்த கிழங்கைச் செதுக்கியும் காட்டுவாராம். அதெல்லாம் மிஞ்சுமா?

மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுமையாக இருந்தீர்கள், உங்களுக்கு ஒன்று. நாற்பது லட்சத்துக்கு மேல் செங்கல், மொத்தம் சுமார் 37,000 டன். இத்தனையையும் மேலே ஏற்ற அதுவரை இருந்தது ஆள் மிதித்துச் சுற்றும் சக்கரம். பிலிப்போ மாடு சுற்றும் பெரிய தூக்குப்பொறி ஒன்றைச் செய்தார். வெவ்வேறு விட்டத்தில் உருளைகள், அதனால் பாரத்துக்குத் தகுந்தபடி மூன்று வேகம். நம்ம ஊர்க் கமலையை நினைத்துப் பாருங்கள். ஏற்ற மாடு முன்னே போகவேண்டும், இறக்க மாடு பின்னே வரவேண்டும். பிலிப்போவின் பொறியில் மாடு ஒரே பக்கமாகத்தான் சுற்றும். செங்குத்துத் தண்டில் மேலொன்று கீழொன்றாக இரண்டு பல்சக்கரம். திருகைச் சுற்றித் தண்டை உயர்த்தினால் ஒன்று பிடிக்கும், இறக்கினால் மற்றது பிடிக்கும், உருளை எதிர்ப்பக்கம் சுற்றும். ரிவர்ஸ் கியர்! மாட்டை அவிழ்த்துப் பூட்டும் வேலை மிச்சம்.

வேலை செய்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை, நான் கொஞ்சம் எழுதுகிறேன். அவ்வளவு உயரத்தில் கொத்தனார்கள் கீழே பார்த்துப் பயப்படாமல் இருக்கத் தடுப்பு கட்டினார். குடிக்கும் ஒயினில் தண்ணீர் கலக்கச் சொல்லி உத்தரவு இருந்தது. சாப்பாட்டுக்கு இறங்கி ஏறி நேரமும் பலமும் போகிறது என்று மேலேயே சமையலுக்கு ஏற்பாடு செய்ததாக வசாரி சொல்கிறார். இதெல்லாம் நல்ல விஷயம். ஆனால் கொத்தனார்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியபோது, பிலிப்போ லொம்பார்டியிலிருந்து வெளியாட்களைக் கொண்டுவந்து தொழில் சொல்லிக்கொடுத்து வேலையை ஓட்டினார். வேறு வழியில்லாமல் திரும்பி வந்த உள்ளூர்க்காரர்களை முன்னைவிடக் குறைந்த கூலிக்குத்தான் சேர்த்துக்கொண்டார். பழைய ஆசிரியர்கள் இதை அவருடைய சாமர்த்தியத்துக்கு உதாரணமாகச் சொல்லி ரசிக்கிறார்கள். என்னால் ரசிக்க முடியவில்லை. பதினைந்து மாடி உயரத்தில் நின்று கல் வைத்தவன் கேட்ட கூலியில் என்ன அநியாயம்? சாயங்காலம் சிமெண்ட் தூசியோடு வீட்டுக்கு வருகிற ஒருவரின் மகன் இந்த இடத்தில் கை தட்டமாட்டான். அவர் மேதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதுவும் அவர் செய்ததுதான்.

கிபெர்ட்டி கதைக்கு வருவோம். மரச் சங்கிலி வேலை நடக்கிற சமயம், பிலிப்போ வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார். கொத்தனார்கள் கிபெர்ட்டியைக் கேட்க, அவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வேலை நின்றது. அவர்தான் இருக்கிறாரே, அவரைக் கேளுங்கள் என்று படுக்கையிலிருந்தே சொல்லியனுப்பினாராம் நம்மவர். இது பிலிப்போ பக்கத்து ஆட்கள் எழுதிய கதை, கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் படிக்கவேண்டும். கணக்குப் புத்தகம் சொல்வது இது: 1426-ல் பிலிப்போவின் சம்பளம் வருஷத்துக்கு 36 புளோரினிலிருந்து 100 ஆனது, கிபெர்ட்டிக்கு அதே 36. கிபெர்ட்டியையும் குறைத்துச் சொல்லக்கூடாது. அவர் 1425 முதல் 1452 வரை உழைத்து முடித்த இன்னொரு ஜோடி வெண்கலக் கதவை இன்றும் சொர்க்க வாசல் என்றுதான் அழைக்கிறார்கள்.

இந்தப் பதினாறு வருஷத்தில் அவர் மாடம் மட்டும் கட்டவில்லை. 1419-ல் பட்டுச் சங்கத்துக்காக ஓர் அனாதைக் குழந்தைகள் இல்லம் துவங்கினார். மெல்லிய தூண்கள், அரைவட்ட வளைவுகள், தூணின் உயரம் எவ்வளவோ அவ்வளவே இடைவெளி. கோத்திக் பாணியின் கூர் வளைவும் சிக்கல் சிங்காரமும் போய், எளிய கணக்கில் நிற்கும் புதுக் கட்டடக் கலை அங்கே ஆரம்பிக்கிறது. 1445-ல் அங்கே குழந்தைகள் வரத் துவங்கினார்கள். சான் லொரென்சோ, சாந்தோ ஸ்பிரித்தோ தேவாலயங்களும் அவர் கணக்குதான்.

தோல்விகளும் உண்டு. கரராவிலிருந்து வெள்ளைச் சலவைக்கல் கொண்டுவரப் புதுமாதிரிப் படகு ஒன்றை உருவாக்கினார். ரகசியத்தைச் சொல்லவேண்டுமானால் மூன்று வருஷத்துக்கு வேறு யாரும் அதைக் காப்பியடிக்கக் கூடாது என்று கேட்டு வாங்கினார். 1421-ல் பிளாரன்ஸ் கொடுத்த அந்த உரிமைதான் உலகின் முதல் பேடண்டுகளில் ஒன்று. படகு? 1428-ல் சலவைக்கல்லோடு ஆர்னோ ஆற்றில் மூழ்கிவிட்டது, நஷ்டம் அவர் கைக்காசு. 1430-ல் பிளாரன்ஸுக்கும் லூக்காவுக்கும் சண்டை. ஆற்றை அணைகட்டித் திருப்பி லூக்காவைத் தண்ணீரில் தனித்தீவாக்குகிறேன் என்று போனார். எதிரிகள் கரையை உடைத்துவிட, வெள்ளம் பிளாரன்ஸ்காரர்களின் முகாமுக்கே வந்தது! ஊரே சிரித்தது.

1434 அவருக்குப் பொல்லாத வருஷம். கொத்தனார் தச்சர் சங்கத்துக்குச் சந்தா கட்டவில்லை என்று அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். நான் பொற்கொல்லர், எனக்கு ஏன் அந்தச் சந்தா என்பது அவர் கட்சி. ஆலய நிர்வாகம் பதிலுக்குச் சங்கத்தின் அதிகாரியையே பிடித்து உள்ளே போட, பதினோரு நாளில் விடுதலை. அதே வருஷம் வீட்டில் இன்னொரு அடி. பிலிப்போவுக்குக் கல்யாணம் இல்லை. பூஜ்ஜானோ என்ற ஊரிலிருந்து ஓர் ஏழைப் பையனைத் தத்தெடுத்து, சிற்பவேலை சொல்லிக்கொடுத்து வளர்த்தார். பையனுக்கு ஊர்ப் பெயரே பெயராகிவிட்டது. அவன் செய்த வேலைக்கு வந்த கூலியைப் பிலிப்போ கொடுக்கவில்லை போலிருக்கிறது. பையன் வீட்டிலிருந்த பணத்தையும் நகையையும் எடுத்துக்கொண்டு நேப்பிள்ஸுக்கு ஓடிவிட்டான். கடைசியில் போப் நான்காம் யூஜின் வரைக்கும் போய்ச் சொல்லி, கடிதம் எழுதவைத்துத் திரும்ப அழைத்து வந்தார். வந்தவனை ஏற்றுக்கொண்டார், வாரிசாகவும் வைத்துக்கொண்டார்.

1436 மார்ச் 25-ல் அதே போப் பேராலயத்தை அர்ப்பணம் செய்தார். ஆகஸ்டில் மாடத்தின் கடைசிச் சுற்று மூடியது. செங்கல்லால் கட்டிய குவிமாடங்களில் உலகிலேயே மிகப் பெரியது இன்றும் அதுதான். விரிசல்கள் உண்டு, கருவிகள் பொருத்திக் கண்காணிக்கிறார்கள். உச்சியில் நிற்கவேண்டிய சலவைக்கல் விளக்கு மாடத்துக்கு மறுபடியும் போட்டி வைத்தார்கள். பதினாறு வருஷம் கட்டிய மனிதருக்கு மறுபடியும் பரீட்சை! கிபெர்ட்டியும் மாதிரி கொண்டுவந்தார். இந்தத் தடவை பிலிப்போவுக்கே கிடைத்தது. கல் வெட்டி, ஏற்றி, வேலை துவங்கவே பத்து வருஷம் ஆனது. 1446-ல் முதல் கல் வைத்துச் சில வாரங்களில், ஏப்ரல் 15-ம் தேதி பிலிப்போ இறந்துபோனார்.

பேராலயத்தின் உள்ளே சுவரில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. தலை கொஞ்சம் வழுக்கை, அலங்காரமில்லாத முகம். செய்தவர் பூஜ்ஜானோ, நேப்பிள்ஸுக்கு ஓடிப்போன அதே பையன்.

விளக்கு மாடம் 1461 வாக்கில் முடிந்தது. அதன்மேல் வைக்கவேண்டிய பெரிய செம்புக் கோளத்தை வெரோக்கியோ என்ற சிற்பி 1471-ல் செய்து ஏற்றினார். அவருடைய பட்டறையில் அப்போது பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வேலை கற்றுக்கொண்டிருந்தான். பிலிப்போவின் தூக்குப்பொறிகளைப் பார்த்து நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டான். அவன் பெயர் லியோனார்டோ டா வின்சி. பொறிகள் எப்படி இருந்தன என்று நமக்குத் தெரிவது இப்படிப்பட்ட நோட்டுப் புத்தகங்களால்தான்.

பிலிப்போவின் கல்லறை எங்கே என்பதும் மறந்துபோயிருந்தது. 1972-ல் பேராலயத்தின் தரைக்குக் கீழே, அங்கே முன்னால் இருந்த பழைய தேவாலயத்தின் இடிபாடுகளைத் தோண்டும்போது கிடைத்தது. பெயர் பொறித்த ஒரு சாதாரணக் கற்பலகை.